இரண்டு தோள்களும் உங்களுக்கே

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் இருவரும் நலமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அங்கே தாங்களும் சம்பந்தி அம்மாவும் பெரும்பாலும் அவ்வாறே இருப்பீர்கள் என்று கணிக்கிறேன். பணிக்காலம் முழுவதையும் வானிலை நிலையத்தில் கழித்தவன் எதையும் இதைவிட உறுதியாகச் சொல்லிப் பழகவில்லை என்பது தாங்கள் அறிந்ததே. நம் பிள்ளைகளின் கல்யாணத்தன்று காலையில், “மழை வருமா?” என்று தாங்கள் கேட்க, “வரலாம், வராமலும் போகலாம்” என்று நான் சொல்ல, தாங்கள் மீசையை ஒரு முறை நீவிக்கொண்டு, “இதுக்கு ஒரு ஆபீஸ், அந்த ஆபீஸுக்கு ஒரு மாடி வேற” என்று மண்டபத்துத் தூணைப் பார்த்துச் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்று மழை வந்ததா என்பதுதான் நினைவில்லை.

தொலைபேசியிலேயே பேசியிருக்கலாம். ஆனால் ‘பேத்தி’ என்ற சொல்லை நான் பாதி சொல்வதற்குள் தாங்கள் போனை வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அது மேசையில் கிடந்து தங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே எழுதுகிறேன். என் விண்ணப்பம் ஒன்றுதான். அடுத்த வாரம் நம் பேத்தி பயிற்சி முடித்து ராணுவ அதிகாரி ஆகிறாள். அணிவகுப்பு முடிந்ததும் மைதானத்திலேயே அவள் தோளுக்கு ஒன்றாக இரண்டு நட்சத்திரங்களைக் குடும்பத்தார் குத்திவிட வேண்டும். அவளுடைய அப்பாவும் அம்மாவும், அதாவது தங்கள் மகனும் என் மகளும், வெளிநாட்டு வேலையிலிருந்து அதற்கென்றே பறந்து வருகிறார்கள். ஆனால் அவள், “நீங்க படம் எடுங்க. வளர்த்தது ரெண்டு தாத்தாவும்தான், அவங்க குத்தட்டும்” என்று சொல்லிவிட்டாள். வலது தோள் தங்களுக்கு, இடது தோள் எனக்கு என்பது அவள் செய்த பாகப்பிரிவினை. தாங்கள் பழைய கோபத்தை எல்லாம் மறந்து தவறாமல் வந்து, அந்த இரண்டு தோள்களிலும் தாங்களே குத்திவிடுமாறு மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். என் பங்கை மனமொப்பித் தங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன். நான் ஏன் அதற்குத் தகுதியற்றவன் என்பதைக் கீழே விவரிக்கிறேன். சற்று நீளும். உட்கார்ந்து படிக்கவும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் தன் அணிவகுப்புச் சீருடையை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள். பயிற்சிப் பள்ளி எங்கள் ஊரின் ஓரத்திலேயே இருப்பது தாங்கள் அறிந்தது. விழாவுக்காக விடுதிக்கு வெள்ளையடிக்கிறார்களாம், சுண்ணாம்பு தெறித்துவிடும் என்பதால், உள்ளூரில் வீடு உள்ளவர்கள் உடைகளை வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதி தந்திருக்கிறார்கள். அதை அவள் உறையிலிருந்து எடுத்து முன்னறையில் மாட்டியபோது, சம்பந்தி, நான் என்னை அறியாமல் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன். உள்ளே ஆளே இல்லாத ஓர் உடை அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. என் சட்டைகளில் நான் இருக்கும்போதே அப்படி ஒரு நிமிர்வு இருப்பதில்லை. கால்சட்டையின் மடிப்பு இடுப்பிலிருந்து கீழ்விளிம்புவரை ஒரே கோடாக இறங்கியது. அதைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். “தொடலாம் தாத்தா, ஆனா வெட்டிடும்” என்றாள். விளையாட்டாகச் சொன்னாள் என்றே நினைக்கிறேன். ஆனாலும் தொடவில்லை. பித்தளைப் பொத்தான்களில் இருக்கும் சின்னங்கள் எல்லாம் ஒரே பக்கம் தலைநிமிர்ந்து நின்றன. ஒன்று சாய்ந்தாலும் போச்சாம். இடுப்புப் பட்டையின் பக்கிளும் சட்டைப் பொத்தான்களும் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும் என்றும் சொன்னாள். என் மனைவி உடனே என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள். “உங்க தாத்தாவுக்கு எந்தக் கோடும் எந்தக் கோட்டோடும் சேராதுடி” என்றாள். நான் குனிந்து பார்த்தேன். பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்தேன்.

நட்சத்திரங்களும் அந்த உறையிலேயே ஒரு சிறு பெட்டியில் இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு ஊசிக்கால்கள். சீருடையின் தோள்பட்டியில் இருக்கும் துளைகளில் அவற்றை நுழைத்து, நட்சத்திரத்தின் ஒரு முனை கழுத்தைப் பார்க்கும்படி நேராக வைத்து, அடியில் அந்தக் கால்களைக் கவ்விப் பிடிக்கும் குமிழை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். ஆனால் சில காலமாக என் கைகள் நடுங்குவது தங்களுக்குத் தெரியும். எனவே முறைப்படி பயிற்சி எடுத்துக்கொள்வோம் என்று அவள் போன பிறகு ஒரு தலையணையை மடியில் நிமிர்த்தி வைத்து, அதைப் பேத்தியாகப் பாவித்து, ஒரு நட்சத்திரத்தைக் குத்தினேன். முதல் முயற்சியிலேயே உள்ளே போய்விட்டது. எனக்கே வியப்பு. குமிழையும் அழுத்திவிட்டு எழுந்து நின்றேன். தலையணையும் கூடவே எழுந்தது. ஊசி தலையணை உறையின் ஓரத்தோடு என் சட்டையையும் சேர்த்துப் பிடித்திருந்தது. குமிழ் அந்த மடிப்புக்குள் எங்கோ சிக்கியிருந்தது. நாங்கள் இருவரும் அப்படியே சமையலறை வாசல்வரை போனோம். என் மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமலே, “அது யாரு, கூட்டிக்கிட்டு வந்திருக்கீங்க?” என்றாள். பிரித்துவிட வெகுநேரம் பிடித்தது. அணிவகுப்பு மைதானத்தில், தளபதிகள் முன்னால், பேத்தியும் நானும் இப்படி ஒட்டிக்கொண்டு நின்றால் எங்களைப் பிரிக்க யார் வருவார்கள் என்று யோசித்தபோதே வலது தோளையும் இடது தோளையும் தங்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டாகிவிட்டது. ஆனால் உண்மையான காரணம் அது அல்ல. உண்மையான காரணம் ஷூ.

அவளுடைய அணிவகுப்பு ஷூக்களைத் துணியில் சுற்றி முன்னறை அலமாரியில் வைத்திருந்தாள். நேற்றுக் காலை, தூசி ஏதும் படிந்திருக்குமோ என்ற அக்கறையில் துணியை விலக்கினேன். சம்பந்தி, நான் அதற்குள் என் முகத்தைப் பார்த்தேன். மங்கலாக அல்ல. கண்ணாடியில் பார்ப்பது போலவே, கண்ணாடியைவிடக் கொஞ்சம் கறாராக. மாதக்கணக்காகப் பாலிஷை ஒரு துளி நீரோடு பஞ்சில் தொட்டு, சின்னச் சின்ன வட்டங்களாகத் தேய்த்துத் தேய்த்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் படலம் ஏற்றி ஷூவின் மூக்கை இப்படிக் கொண்டுவருகிறார்கள். இது எனக்கு நேற்று மாலைதான் தெரியவந்தது, காலையில் தெரியாது. காலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம், என் இரண்டு காதுகளிலும் புதர்போல முடி வளர்ந்திருக்கிறது என்பது மட்டும்தான். “இதை ஏன் என்கிட்ட யாருமே சொல்லலை?” என்று மனைவியிடம் கேட்டேன். “எத்தனை தடவை சொன்னேன். காதுல அவ்வளவு வளர்ந்திருந்தா எப்படிக் கேக்கும்?” என்றாள். இன்னும் கிட்டத்தில் பார்ப்பதற்காக ஷூவைத் தூக்கினேன். அப்போது என் கட்டைவிரல் அந்தப் பளபளப்பின் நட்டநடுவில் பட்டுவிட்டது.

ரேகை பதிந்துவிட்டது. மிகத் தெளிவான ரேகை. குற்றவாளி நான்தான் என்பதில் எவருக்கும் ஐயம் வராத ரேகை. அப்படியே வைத்திருந்தால் அவள் வந்து ஒரு நொடியில் சரிசெய்திருப்பாள். நான் முறைப்படி வேலை செய்பவன் ஆயிற்றே. முதலில் வாயால் ஊதி, கைக்குட்டையால் மெல்லத் துடைத்தேன். ரேகை மறைந்து, அந்த இடத்தில் மேகம்போல ஒரு மங்கல் உண்டாயிற்று. மூக்குக்கண்ணாடி துடைக்கும் திரவத்தில் இரண்டு சொட்டு விட்டேன். மேகம் விரிந்தது. அடுத்து, என் மனைவி ஊசி போட்டுக்கொள்ளும் முன் தோலைத் துடைக்கிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் தோய்த்து ஒரே ஒரு தடவை இழுத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது. ‘ஆகா, அழுக்கு வருகிறது’ என்று மகிழ்ந்தேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். அழுக்கு வந்துகொண்டே இருந்தது. அது நிற்கும்வரை துடைத்தேன். அது நின்றபோது ஷூவின் மூக்கில் பளபளப்பு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. சாம்பல் நிறத்தில் வெறும் தோல் மட்டும் என்னைப் பார்த்தது. அதில் என் முகம் தெரியவில்லை. தெரியாததே நல்லது.

இங்கே ஒரு சாதாரண மனிதன் நிறுத்தியிருப்பான். என்னால் முடியவில்லை. ஒரு ஷூ ஒரு மாதிரியும் மற்றது வேறு மாதிரியும் இருப்பது ஒழுங்கல்ல என்று தோன்றியது. ஜோடி என்றால் ஒத்துப்போக வேண்டாமா? இன்னொரு ஷூவையும் அதே வரிசையில், அதே திரவங்களால், அதே நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டு நிமிர்ந்தேன். என் மனைவி பின்னால் நின்றிருந்தாள். போய் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். “நாளைக்குக் காலைல அவளுக்கு உடைப் பரிசோதனை. அது தெரியுமா உங்களுக்கு?” என்று பிறகு கேட்டாள். தெரியும். ஞாயிற்றுக்கிழமை பேத்தி சொல்லியிருந்தாள். அந்தப் பரிசோதனையில் தேறாதவர் அணிவகுப்பில் நடக்க முடியாது. அவர் தன் நட்சத்திரத்தை மைதானத்தில் அல்ல, அலுவலக அறையில், மேசைக்கு இந்தப் பக்கம் நின்று தானே குத்திக்கொள்ள வேண்டும். எவ்வளவு பாடுபட்டுச் சேர்ந்தாள், எத்தனை மேடும் பள்ளமும் ஓடினாள், கடைசியில் அவள் தோளைத் தொடப்போவது ஒரு குமாஸ்தாவின் மேசை விளக்கு மட்டும்தான் என்று நினைத்தபோது என்னால் உட்கார முடியவில்லை. ஷூக்களைப் பையில் போட்டு, குடையையும் எடுத்துக்கொண்டு பயிற்சிப் பள்ளிக்குப் புறப்பட்டேன்.

வாசலில் காவலுக்கு நின்ற வீரரின் முகத்தில் ஒரு ரோமம்கூட இல்லை. கன்னம் கழுவிவைத்த தட்டுபோல இருந்தது. என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், என் மார்பைப் பார்த்தார். “ஐயா, பட்டன்” என்றார், மிகவும் மரியாதையாக. நான் அங்கேயே நின்று எல்லாவற்றையும் கழற்றி மறுபடி போட்டேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். “ஐயா, இப்ப அந்தப் பக்கம் தள்ளிப்போச்சு” என்றார். உள்ளே விடும்வரை நான் நிமிர்ந்து நிற்க முயன்றேன். அந்த இடத்தில் எல்லாமே நேராக இருக்கின்றன, சம்பந்தி. பூந்தொட்டிகள் நேராக இருக்கின்றன. மரத்தடியில் விழுந்த இலைகளைக்கூட ஒரே பக்கமாகக் கூட்டி வைத்திருக்கிறார்கள். அந்த வழியில் நடந்தபோது கோணலாக இருந்த ஒரே பொருள் நான்தான் என்ற உணர்வு எனக்கு உண்டாயிற்று.

நம் பேத்தியின் அணிக்குப் பயிற்சி தருகிற பெண் சார்ஜன்ட்டுக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘இஸ்திரி’. அவர் பார்வை பட்டால் ஆளிடம் உள்ள சுருக்கமெல்லாம் போய்விடுமாம். அவர் எதிரில் போய் நின்றேன். “யாருங்க நீங்க?” என்றார். “நான் பெரும்பாலும் ஒரு கேடட்டோட தாத்தா” என்றேன். “பெரும்பாலுமா?” என்றார். பேத்தி யார் என்று சொன்னேன். உடனே அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. “ஓ, அவ பெட்டிக்குள்ள ஒரு போட்டோ ஒட்டியிருக்கா. அதுல பெரிய மீசைக்காரர் ஒருத்தர் நிப்பாரு. அவருக்குப் பக்கத்துல நிக்கறது நீங்கதானே?” எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். “பட்டன்” என்றார். இந்த இடத்தில் தங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போட்டோவில் இருக்கும் தங்கள் மீசையைக் காட்டித்தான் அவர் ஒரு நாள் மொத்த அணியையும் திட்டினாராம். “இவர் ராணுவத்துலயே இல்லை. ஆனா பாரு, ஒரு முடி இன்னொரு முடியை மிதிக்குதா? உங்களால ஒரு தொப்பியை நேரா வைக்க முடியலை!” என்றாராம். தங்கள் மீசைக்குத் தங்களுக்குத் தெரியாமலே அங்கே ஒரு பதவி இருக்கிறது.

பையைத் திறந்து ஷூவைக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுக்கு என்ன ஆச்சு?” நான் வரிசைப்படி சொன்னேன்: விரல், மூச்சு, கைக்குட்டை, திரவம், ஸ்பிரிட். எதையும் விடவில்லை. “சரி. இது ஒண்ணு. இன்னொண்ணு?” அதையும் எடுத்துக் கொடுத்தேன். “இதுல என்ன கறை இருந்துச்சு?” “கறை ஒண்ணும் இல்லைங்க. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணுமேன்னு...” அவர் சட்டென்று திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. மனம் உடைந்து அழுகிறாரோ என்று பயந்து, “தண்ணி கொண்டுவரட்டுங்களா?” என்று கேட்டேன். தோள்கள் இன்னும் அதிகமாகக் குலுங்கின. மறுபடி திரும்பியபோது முகம் இஸ்திரி போட்டது போல இருந்தது. “தண்டனை எதுவா இருந்தாலும் எனக்குக் கொடுங்க. மைதானத்தைச் சுத்தி ஓடச் சொன்னாலும் ஓடறேன். ஓட முடியலைன்னா நடக்கறேன்” என்றேன். “நீங்க ஓடினா உங்க பின்னாடி நான் ஆம்புலன்ஸை ஓட விடணும்” என்றார். “ஐயா, இங்க சாக்கு செல்லாது. தாத்தா அழிச்சாரு, பூனை நக்கிடுச்சு, எதுவும் செல்லாது. அவ ஷூ, அவ பொறுப்பு. நாளைக்கு மூக்குல முகம் தெரியணும். தெரியலைன்னா அணியில இடம் கிடையாது.” சொல்லிவிட்டு அவளைக் கூப்பிட ஆளனுப்பினார்.

அவள் வந்து நின்றாள். வந்தாள் என்று எழுதுகிறேனே தவிர, நான் பார்த்தது வேறு. நம் வீட்டில் சோபாவில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு கதைப்புத்தகம் படிக்கும் வாலு, குதிகால்கள் ஒரே சத்தமாகச் சேர, ஓர் இம்மி அசையாமல் நின்றாள். கண்கள் மட்டும் ஒரு நொடி ஷூவைப் பார்த்தன. அப்புறம் என்னைப் பார்த்தன. என் பையை, என் குடையை, என் பொத்தான்களைப் பார்த்தன. “கேடட், உன் ஷூவுக்கு என்ன ஆச்சு?” என்று சார்ஜன்ட் கேட்டார். “என் தவறு, சார்ஜன்ட்!” என்றாள். அந்த அறையின் கண்ணாடிகள் அதிர்ந்தன. “உன் தவறா?” “ஆமா, சார்ஜன்ட். பாதுகாப்பான இடத்துல வைக்காதது என் தவறு!” சம்பந்தி, எங்கள் நிலையத்தில் எத்தனையோ கணிப்புகள் பொய்த்திருக்கின்றன. ஆனால் நானோ என் மேலதிகாரிகளோ அப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னதே இல்லை. எங்கள் தவறுகள் எல்லாம் காற்றின் திசை மாறியதால் நேர்ந்தவை. சீருடைக்குள் ஆள் இல்லாமலே அது நிமிர்ந்து நின்றதே, அது எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. சார்ஜன்ட் ஷூக்களை அவளிடம் நீட்டி, “சாயங்காலம் வரைக்கும் வீட்டுக்குப் போக அனுமதி. காலைல பாக்கறேன்” என்றார். அவள் என்னைத் திட்டுவாள் என்று வழியெல்லாம் காத்துக்கொண்டு வந்தேன். “தாத்தா, ரெண்டாவது ஷூ எதுக்கு?” என்று மட்டும் கேட்டாள். காரணத்தைச் சொன்னேன். தெருவென்றும் பாராமல் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கொஞ்சம் அழுதாள். மறுபடி சிரித்தாள்.

வீட்டில் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தோம். பாலிஷ் டப்பா, ஒரு மூடியில் நீர், பஞ்சு. “நேரம் பத்தாது. நான் வலது, நீங்க இடது” என்றாள். நான் பின்வாங்கினேன். என் கை நடுங்கும் என்றேன். “நடுங்கட்டும். சின்னச் சின்ன வட்டமாத்தான் போகணும், அழுத்தவே கூடாது. உங்க கையைப் பாருங்க, அதுவாவே போடுது. அந்த வட்டம் வர்றதுக்கு நான் எத்தனை நாள் திட்டு வாங்கினேன் தெரியுமா?” என் மனைவி, “காபியை எல்லாம் தட்டுல கொட்டின கை. இன்னிக்காவது ஒரு வேலைக்கு ஆகட்டும்” என்று ஆசீர்வதித்தாள். நான் தேய்த்தேன். பாலிஷ், ஒரு துளி நீர், வட்டம். மறுபடி பாலிஷ். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தேய்த்தேன்.

தேய்த்துக்கொண்டே, தங்கள் கோபத்தைப் பற்றி அவளிடம் கேட்டேன். கல்யாண வீடுகளில் எல்லோரும் கண்வைத்த அந்த நீளப் பின்னலை அவள் கத்தரித்துக்கொண்டு வந்த அன்று, “இந்தத் தலையோட என் வாசல்படி மிதிக்காதே” என்று தாங்கள் சொன்னீர்கள். ராணுவம் வெட்டச் சொன்னது என்றுதான் நாம் இருவரும் எண்ணியிருந்தோம். அப்படி இல்லையாம். கொண்டையாக முடிந்து வலை போட்டுக்கொள்ள அங்கே அனுமதி உண்டாம். ஓடுகிற பயிற்சியில் கொண்டை தலைக்கவசத்தை முன்னால் தள்ளிக் கண்ணை மறைத்து, இவள் முன்னால் ஓடியவள்மீது மோதி, அந்தப் பெண்ணுக்குப் பல் உடைந்ததாம். அன்றைக்கே இவளாகத் தீர்மானித்துவிட்டாள். “அழுதியா?” என்று கேட்டேன். “ரொம்ப. ஆனா மீசைத் தாத்தா சொன்னதுதான் ஞாபகம் வந்துச்சு. சின்ன வயசுல அவரு கண்ணாடி முன்னாடி குட்டிக் கத்தரிக்கோலை வச்சுக்கிட்டு மீசை வெட்டுறப்ப பக்கத்துலயே நிப்பேன். ‘கண்ணு, முடியை நாமதான் வச்சிருக்கணும், முடி நம்மளை வச்சிருக்கக் கூடாது’ன்னு சொல்லுவாரு. நான் அதைத்தானே செஞ்சேன்? அவரு ஏன் கோவிச்சுக்கறாரு?” அதற்குப் பதில் தாங்கள்தான் சொல்ல வேண்டும் என்பதால் இங்கே எழுதியிருக்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்கும்போதும் அவள் பஞ்சு வட்டம் போடுவதை நிறுத்தவில்லை.

விளக்கு போடும் நேரத்தில் அவள் சீருடையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். என் இடது ஷூவை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லாமல், கடைசி வட்டம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு துணியால் சுற்றிக் கொடுத்துவிட்டேன். இன்று காலை, அதாவது இதை எழுதிக்கொண்டிருக்கும் இதே நேரத்தில், அங்கே பரிசோதனை நடக்கிறது. முடிவு எனக்குத் தெரியாது. வலது ஷூ தேறிவிடும், அது அவள் கை. இடது ஷூவைப் பற்றி ஏதும் சொல்வதற்கில்லை. அது தேறினால் தாங்கள் மைதானத்துக்கு வர வேண்டும். தேறாவிட்டால் அலுவலக அறைக்கு வர வேண்டும். எங்கே என்றாலும் தாங்கள் வர வேண்டும். அவளுக்கு அங்கே தன்னைச் சேர்ந்தவர் ஒருவராவது நேராக நிற்க வேண்டும். என்னை நம்ப முடியாது. தொட்ட ஷூவை வெளுக்க வைத்தவன், தலையணையோடு சேர்ந்து தைத்துக்கொண்டவன், அந்தத் தோளைத் தொட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆகவே இரண்டு தோள்களும் உங்களுக்கே. நான் பின்வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன். காதுமுடியையும் வெட்டிக்கொண்டுவிட்டேன், அவள் மானம் அந்த அளவுக்காவது காப்பாற்றப்படும்.

அன்று மழைக்கு ஓரளவு வாய்ப்பு உண்டு. வராமலும் போகலாம். எதற்கும் குடை கொண்டுவரவும்.

சம்பந்தி அம்மாவின் முழங்கால் வலி தணியட்டும். தங்கள் மீசை என்றும் இதே ஒழுங்கோடு விளங்கட்டும். இரு வீட்டிலும் அமைதி நிலவ வேண்டும் என்று மனமார வேண்டிக்கொண்டு, என் மனைவியின் அன்பையும் சேர்த்து அனுப்பி முடிக்கிறேன்.

தங்கள் பணிவுள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது போன் அடித்தது. அவள்தான். பேச முடியாமல் மூச்சு வாங்கினாள். பரிசோதனைக்கு வந்த பெரிய அதிகாரி வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து இவள் முன்னால் நின்றாராம். வலது ஷூவைப் பார்த்து, “பரவாயில்லை” என்றாராம். இடது ஷூவின் முன் நின்றாராம். குனிந்தாராம், இன்னும் குனிந்தாராம், அதில் பார்த்துத் தன் தொப்பியைக் கொஞ்சம் நேராக்கிக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டாராம். அவர் தாண்டிப் போனதும் இஸ்திரி சார்ஜன்ட் இவள் காதருகே வந்து, “இடது யாரு?” என்று கேட்டாராம். “என் தாத்தா, சார்ஜன்ட்!” “பட்டன் தாத்தாவா?” “ஆமா, சார்ஜன்ட்!” சார்ஜன்ட் அப்படியே திரும்பி மறுபடி தோளைக் குலுக்கிக்கொண்டு போனாராம். அவள் அணிவகுப்பில் நடக்கிறாள். முதல் வரிசையில் நடக்கிறாள்.

எனவே மேலே எழுதியதை எல்லாம் ரத்து செய்கிறேன். திருப்பி எழுத நேரமில்லை, நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். இரண்டு தோள்களும் உங்களுக்கு இல்லை. இடது என்னுடையது. யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. வலது உங்களுக்காகக் காத்திருக்கிறது. கத்தரித்த தலையைப் பார்க்க இன்னும் மனம் வரவில்லையென்றால் கவலை வேண்டாம், அவள் தொப்பி போட்டிருப்பாள். நீங்கள் தோளை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் நீங்கள் வராவிட்டால், சம்பந்தி, வலது தோளிலும் நானே குத்திவிடுவேன். இந்த நடுங்கும் கையாலேயே குத்துவேன். இதில் பெரும்பாலும், ஓரளவு, வாய்ப்பு உண்டு என்றெல்லாம் ஒன்றும் இல்லை.

அன்று மழை பெய்யாது. குடை வேண்டாம்.